ரவுட்டர் வேஷம்

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் முந்நூறு கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவர் கிபாயத்துல்லா. கீழ்க்கட்டளையில் சொந்த வீட்டில் அவரால் ஒரு கிரிக்கெட் மேட்ச் பார்க்க முடியவில்லை.

மாலை ஏழு மணிக்கு மனைவி ஜஹீரா ஆன்லைனில் ஆரி எம்பிராய்டரி வகுப்பு எடுப்பாள். முப்பது பெண்கள் வீடியோவில் வந்து உட்காருவார்கள். நெட் திணறும். இங்கே கல்லூரி கொடுத்த லேப்டாப்பில் பந்துவீச்சாளர் ஓடி வருவார். வந்துகொண்டே இருப்பார். பந்தைப் போட மாட்டார்.

வகுப்பை மதியத்துக்கு மாற்றச் சொல்லலாம். இரண்டு முறை சொல்லி, இரண்டு முறையும் அவரே மன்னிப்புக் கேட்டு முடிந்திருந்தது. ஆகவே தொழிலைக் காட்டினார். அதே லேப்டாப்பிலிருந்து ஜஹீராவின் கம்ப்யூட்டருக்கு, "நான்தான் ரவுட்டர்" என்று ஓயாமல் பொய்ச் செய்தி அனுப்பினார். அது நம்பி, எல்லாவற்றையும் அவரிடமே கொடுத்தது. அவர் வாங்கிக் கீழே போட்டார். வகுப்பு அறுந்தது. பந்து விழுந்தது.

நான்காம் நாள், ஞாயிறு மதியம் ஜஹீரா வந்து நின்றாள்.

"என்னங்க, ஏழு பேர் வகுப்பை விட்டுட்டாங்க."

"லைன் கோளாறா இருக்கும். மதியத்துல நல்லா வரும்."

"லைன்காரர் வந்து பார்த்துட்டாரு. வெளிய எல்லாம் சரியாம். வீட்டுக்குள்ள நெட் போட்டவருக்குத்தான் வேலை தெரியலையாம்."

வீட்டுக்குள் நெட் போட்டவர் கிபாயத்துல்லா. பதினாறு வருட சர்வீஸ். சுருக்கென்றது.

"யாருக்கு வேலை தெரியல? எவனோ ரவுட்டர் மாதிரி வேஷம் கட்டி நடுவுல நிக்கிறான். கட் ஆகும்போது நம்ம நெட்ல இருக்கற மெஷின் லிஸ்டை எடுத்துப் பாரு. ரவுட்டருக்கும் இன்னொரு மெஷினுக்கும் ஒரே அட்ரஸ் காட்டினா, அந்த மெஷின்தான் திருடன்."

"அவனை என்ன பண்றது?"

"ரவுட்டரோட நிஜ அட்ரஸை உன் கம்ப்யூட்டர்ல நிரந்தரமாப் பதிஞ்சு வச்சிடணும். அப்புறம் எவன் சொன்னாலும் நம்பாது. திருடன் அட்ரஸை ரவுட்டர்ல பிளாக் பண்ணு. ஆளு அட்ரஸ் இல்லாமப் போயிடுவான்."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. எம்பிராய்டரி டீச்சர்தானே என்று விட்டுவிட்டார்.

அன்று மாலை வகுப்பு பத்து நிமிடம் அறுந்தது. பிறகு ஒட்டிக்கொண்டது. அவருடைய லேப்டாப்பில் மேட்ச் நின்றது. காலைக்குள் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய ரிப்போர்ட்டும் நின்றது. போனில் அன்றைய டேட்டா ஏற்கெனவே தீர்ந்திருந்தது. வகுப்பு முடியும்வரை சமையலறை வாசலில் காத்திருந்தார்.

"ஜஹீரா, என் லேப்டாப்ல நெட் வரல."

"அப்படியா? நான் திருடனைத்தானே பிளாக் பண்ணேன்."

கிபாயத்துல்லா தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார்.

"அது... என் மெஷினாக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம்ங்க," ஜஹீரா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "யாரோடதுன்னு எனக்குத் தெரியாததால, என் போன் நெட்ல சேர்ந்து வகுப்புலயே அந்த லிஸ்டைக் காட்டிக் கேட்டேன். உங்க டிபார்ட்மெண்ட் ஹெட் சின்மயி மேடம் நேத்துதான் புதுசா சேர்ந்தாங்க. மெஷின் பேரைப் பார்த்ததுமே காலேஜ் லேப்டாப்னு சொல்லிட்டாங்க. காலைல அதைக் கொண்டுபோய் அவங்க டேபிள்ல வச்சிடணுமாம்."