பதினாறாம் நாள் பந்தலில் ஒரு நட்சத்திர மண்டலம்

இரங்கல் கூட்டத்தில் மைக்கை நீட்டினால் வாங்கக் கூடாது. வாங்கித் தொலைத்தாலும் படித்ததைப் பேசக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் செய்தவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பெங்களூரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். தொலைதூர நட்சத்திர மண்டலங்கள் எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன, அவற்றின் எடை என்ன என்று கணக்கிடுவது என் வேலை. (அருப்புக்கோட்டையில் இதைச் சொன்னால், "சரி, அப்புறம் வேலைக்கு எப்பப் போவ?" என்பார்கள்.) என்னைப் படிக்க வைத்தவர் பெரியப்பா. பஜாரில் மல்லி, மிளகாய் மொத்த வியாபாரம். அவர் இறந்த பதினாறாம் நாள், காரியம் முடிந்ததும், வாசல் பந்தலில் வியாபாரிகள் கூட்டம் நடத்தினார்கள். ஆளாளுக்கு 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். பிறகு சங்கச் செயலாளர், "நம்ம விஞ்ஞானித் தம்பி ரெண்டு வார்த்தை பேசும்" என்று மைக்கை என் கையில் திணித்தார்.

பெரியப்பாவுக்குத் தகுந்த மாதிரி பெரிதாகச் சொல்ல வேண்டும் என்ற வெறி எனக்கு.

"நட்சத்திர மண்டலத்தைத் தராசில் வைக்க முடியாது," என்று ஆரம்பித்தேன். "அதன் ஓரத்து நட்சத்திரங்கள் ஓடும் வேகத்தை, அவற்றின் ஒளியில் வரும் மாற்றத்தை வைத்து அளப்போம். கண்ணுக்குத் தெரிகிற எடைக்கு அவ்வளவு வேகம் வரக் கூடாது. ஆனால் வருகிறது. அப்படியென்றால், தெரியாத ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நானோ எளிய உதாரணம் தேடினேன்.

"நம்ம பெரியப்பாவையே எடுத்துக்குங்க. வெள்ளிக்கிழமையானா, மழையோ காய்ச்சலோ, திருச்சுழி பஸ்ஸுல ஏறிருவாக. அங்க நமக்குக் கடை கிடையாது, சொந்தபந்தம் கிடையாது. அப்ப என்ன அர்த்தம்? நம்ம கண்ணுக்குத் தெரியாத பெரிய கனம் ஒண்ணு அங்க இருந்து அவுகள இழுக்குது!"

இப்போது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எனக்கு மட்டும் புரியவில்லை. (அவர் கோயிலுக்குப் போகிறார் என்றே அத்தனை வருடமும் நம்பியிருந்தேன். இழுப்பது சாமி என்று அடுத்த வரியில் சொல்லி முடிப்பதாகத் திட்டம்.)

செயலாளர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியப்பா மகன் சண்முகண்ணன் என் வேட்டியைப் பிடித்து, "ஏலே, உக்காருலே. அந்த வீட்டுக் கதைய மைக்குலயா சொல்லுவ? மானமே போச்சு" என்று பல்லைக் கடித்தார். அப்போதுதான் உறைத்தது. பெண்கள் பக்கம் பெரியம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். (செத்தேன்.)

பந்தல் காலியானதும் பெரியம்மா கூப்பிட்டார். காலில் விழுந்தேன்.

"சத்தியமா எனக்குத் தெரியாது பெரியம்மா."

"தெரியாதவன் நீ ஒருத்தந்தான்யா. ஊரே எங்கிட்டத் தெரியாத மாதிரி நடிச்சுச்சு. நானும் நடிச்சேன். அவுகளே போயிட்டாக, இனி யாருக்கு நடிக்க? அவளுக்கு மொகத்தக்கூடக் காட்டாம எடுத்துட்டோம். தனியாக் கெடந்து அழுவா. போயிக் கூட்டிட்டு வா."

"எந்த வீடுன்னு..."

"கோயிலுக்குத் தெக்க ரெண்டாவது தெரு. பச்சக் கதவு. வாசல்ல முருங்க நிக்கும்." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

சண்முகண்ணன் தையா தக்கா என்று குதித்தார். பெரியம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான் போய், பச்சைக் கதவு வீட்டுச் சின்னம்மாவை அழைத்து வந்தேன். பெரியம்மாவும் அவரும் சேர்ந்து அழுதார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது காரணம் சொல்லாமல் செருப்பை மாட்டினால், "எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேட்பார்கள். முதன்முதலில் அதைக் கேட்டது பெரியம்மாதான். மறுவாரம், துணிப்பையோடு சொல்லாமல் கிளம்பி நின்ற சின்னம்மாவிடம். அவர் பையை இறக்கி வைத்துவிட்டார்.