பாகாலாவில் ஒரு மேல்முறையீடு

சித்தூர் கோர்ட்டில் எத்தனையோ நீதிபதிகள் வந்து போனார்கள். அத்தனை பேரும் சேர்ந்து விதித்ததைவிட அதிகத் தண்டனை விதித்தவர் எங்கள் டவாலி; பட்டப்பெயர் மினிமம்-மேக்ஸிமம். கட்சிக்காரர் பெயரை மூன்று முறை கூவுவதுதான் அவருக்குச் சர்க்கார் கொடுத்த வேலை. நான் அங்கே சூப்பரின்டெண்ட்.

நம் ஊரில் தண்டனைக்குச் சட்டம் ஒரு தரையும் கூரையும் காட்டும். இடையில் எத்தனை வருஷம் என்று நீதிபதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வெளிநாடுகளில் நீதிபதி குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். எப்போது விடுவது என்பதைக் கைதியின் நடத்தை பார்த்து ஒரு குழு முடிவுசெய்யும். டவாலி இதைச் செல்போன் வீடியோவில் பார்த்தார். சித்தூருக்குச் சனி பிடித்தது.

கேன்டீன் சட்னியில் தண்ணீர் அதிகம். "மினிமம் ஒரு டீ நேரம், மேக்ஸிமம் ஒரு மாசம் உன் கடைக்கு வரமாட்டேன்!" வேறு கடை கிடையாது; குழுவும் அவரேதான். நாலு மணிக்கு நன்னடத்தை விடுதலை.

வீட்டில் சாம்பாரில் உப்பு அதிகம். "ஏமே, மினிமம் ரெண்டு நாளு, மேக்ஸிமம் ஒரு வாரம் உங்கிட்ட பேசமாட்டேன்."

"மேக்ஸிமமே குடுய்யா, புண்ணியமா போவும்" என்றார் சம்சாரம்.

மறுபடி உப்பு, மறுபடி தீர்ப்பு. அந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு பாகாலாவில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். "ஒரு மாசம் நீயே ஆக்கி நீயே துன்னு!"

நாலே நாளில் டவாலி இளைத்துப்போனார். கூவினால் வராந்தாவுக்கே கேட்கவில்லை. "அவ இல்லாம முடியல சார். அப்பீல் போலாம், நீங்களும் வாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை பாகாலா போனோம்.

மனைவியைப் பார்த்ததும் கெஞ்சுவார் என்று நினைத்தேன்.

"ஏமே, உன் தீர்ப்புல தப்பு கீது."

"இன்னா தப்பு?"

"ஒரு மாசம்னு மொட்டையா சொன்னா செல்லாது. மேக்ஸிமமும் சொல்லணும். மேக்ஸிமத்துல பாதிய மினிமம் தாண்டக்கூடாது. வீடியோல பாத்தேன், அந்த வெளிநாட்டு ரூலு."

அம்மாள் யோசித்தார். "அப்ப மினிமம் ஒரு மாசம், மேக்ஸிமம் ரெண்டு மாசம். போய்க்கினே இரு."

மேல்முறையீட்டில் தானே வாதாடித் தன் தண்டனையை இரட்டிப்பாக்கிக்கொண்ட ஒரே மனிதரோடு பஸ்ஸில் திரும்பினேன். "ரூலு கரெக்டுதானே சார்?" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ரொம்பக் கரெக்ட்."

அடுத்த ஞாயிறு மறுபடி பாகாலா போனோம். தானே வைத்த சாம்பாரைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார். நன்னடத்தைச் சான்றாம். அம்மாள் விரலில் தொட்டு நக்கினார். முகம் கோணியது.

"அடப்பாவி, இத்தயா துன்னுகினு கீற? உப்பளத்துல வாரினு வந்தியா?" உள்ளே போய்ப் பையோடு திரும்பினார். "செத்து கித்து தொலைக்கப் போற. கெளம்பு."

மினிமம் இன்னும் முடியவில்லை. அதற்கு முன் விடுவிக்க எந்தக் குழுவுக்கும் அதிகாரம் கிடையாது. அது டவாலிக்கும் தெரியும். ஆட்சேபணை சொல்ல அவர் வாய் திறந்தது. அவர் பையைப் பார்த்தார். வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். வாய் மூடிக்கொண்டது.

விதிப்படி அந்த விடுதலை செல்லாது. நான் ஓடிப்போய் பஸ்ஸில் துண்டு போட்டு இருவருக்கும் சேர்ந்தாற்போல இடம் பிடித்தேன்.