பஞ்சண்ணையும் நான் பூசிய ஓட்டையும்

கிழக்கு லண்டனில் காற்றோடு சொந்தப் பகை வைத்திருந்த ஒரே மனிதர் பஞ்சண்ணைதான். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. குளிர் இறங்காமல் வீட்டு முகட்டுக்குள் பஞ்சு விரிப்பது தொழில், அதனால் பஞ்சண்ணை. ஜெர்மனியில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு வந்தவர். "அங்கை கோழிக்கூட்டுக்கும் ரெட்டைக் கண்ணாடி போடுவாங்கள். இங்கை மனிசரைக் கூட்டுக்கு வெளியில விட்ட மாதிரியெல்லோ வச்சிருக்கிறாங்கள்" என்பார்.

இல்ஃபோர்டில் ஒரு கலியாணம். தாலி கட்டும் நேரம் சபை முழுக்க எழுந்து அறுகரிசி போடுகிறது. பஞ்சண்ணை மட்டும் மண்டபக் கதவடியில் குந்தியிருந்து, ஒரு பொன்னாடையை மடித்து இடுக்கில் செருகிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையின் தகப்பன் தேடித் திரிந்த பொன்னாடை அதுதான்.

2009இல் இந்த மனிதர் எனக்குத் தேவைப்பட்டார். பிளேஸ்டோவில் என் பழைய வீட்டைச் சுகந்தி என்ற பிள்ளைக்கும் கணவனுக்கும் வாடகைக்கு விட்டிருந்தேன். கையில் எட்டு மாதக் குழந்தை. அந்த நாட்களில்தான் வாடகை வீடுகளுக்கு வெப்பச் சிக்கனச் சான்றிதழ் வேண்டும் என்று வந்திருந்தது. ஏ என்றால் நல்ல வீடு, ஜி என்றால் மோசம். ஃபாரஸ்ட் கேட் மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கியபடி ஒருவர், "இனி ஜி வந்தா வீட்டைப் பூட்டிப்போடுவாங்களாம்" என்றார். நான் கார் வரைக்கும் நடந்து போவதற்குள் எனக்கு நானே ஆறு மாதச் சிறை விதித்துவிட்டேன்.

அன்றே பழைய போர்வையொன்றை வெட்டி, அந்த வீட்டில் கண்ட ஓட்டையெல்லாம் அடைத்தேன். சமையலறைச் சுவரில் வலை போட்ட ஓட்டையொன்று ஊ என்று ஊதிக்கொண்டிருந்தது. அதற்குச் சிமெந்து பூசி, வெள்ளையும் அடித்தேன். ஒரு கிழமை கழித்து, மிச்ச வேலைக்குப் பஞ்சண்ணையைக் கூட்டிப்போனேன்.

அவரிடம் கருவி எதுவும் கிடையாது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, கதவு, சன்னல் ஓரமெல்லாம் மெதுவாய்க் கொண்டுபோவார். புகை சரிகிற இடத்தில் காற்று நுழைகிறது என்று கணக்கு. சுகந்திக்கு இது தெரியாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பக்தியோடு பின்னாலேயே வந்தாள். மூன்றாவது சன்னலில் மெல்லக் கேட்டாள்: "ஐயா எந்தக் கோயில்?"

"நான் கோயில் இல்லைத் தங்கச்சி. பஞ்சு."

"நான் ஒரு கிழமையாத் தலையிடியெண்டு இந்த அண்ணை சாந்தி செய்ய ஆள் கூட்டியந்திருக்கிறாரெண்டெல்லோ நினைச்சன்."

தலையிடி என்ற சொல்லில் பஞ்சண்ணையின் பத்தி நின்றது. நேரே சமையலறைக்குப் போய், காஸில் எரியும் வெந்நீர் பொயிலருக்குப் பக்கத்தில் பத்தியைப் பிடித்தார். மேலே இழுபடவேண்டிய புகை அறைக்குள் திரும்பி வந்தது.

"இதுக்குக் காத்து வாற ஓட்டை எங்கை?"

"அடைச்சாச்சு அண்ணை," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து. "வெள்ளையும் அடிச்சாச்சு."

பத்தியைத் தண்ணீரில் அமத்தி அணைத்தார். "தங்கச்சி, பிள்ளையோட றோட்டுக்குப் போங்கோ. இப்பவே." காஸை நிற்பாட்டினார். காற்றை வாழ்நாள் முழுக்க விரட்டிய மனிதர் எல்லாச் சன்னலையும் விரியத் திறந்தார். பிறகு சுத்தியலால் என் சிமெந்தை உடைத்தார். காஸ்காரன் வந்து பார்த்து, காற்றுப் போதாமல் பொயிலர் கக்கிய நச்சுப்புகை என்றும், இன்னும் சில நாள் போயிருந்தால் பேச ஆள் இருந்திருக்காது என்றும் சொன்னான்.

"என்ன நடந்தது?" என்று சுகந்தி கேட்டாள்.

நான் வாய் திறக்கமுதல் பஞ்சண்ணை முந்திக்கொண்டார். "பழைய வீடு. ஓட்டை அடைபட்டுப்போச்சு." தன் வான் வண்டியில் ஏறும்போது என் காதில், "வீட்டுக்காரர் நீர். மிச்சத்தை நீர் சொல்லும்" என்றார்.

சொன்னேன். அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இனி சுவரில கை வைக்கிறதெண்டா அவரைக் கேட்டுட்டு வையுங்கோ அண்ணை."

வேலையால் வந்த கணவனையும் சேர்த்து ஆஸ்பத்திரியில் பார்த்து, மூன்று பேரும் சுகம் என்றார்கள். பொயிலர் மாற்றி, முகட்டுக்குப் பஞ்சு போட்டு, சான்றிதழில் டி வந்தது. மூன்று மாதம் கழித்துச் சுகந்தி தொலைபேசியில், பிள்ளை இரண்டு அடி நடந்துவிட்டான் என்றாள். நான் உடனே பஞ்சண்ணைக்குப் போன் அடித்துச் சொன்னேன். அவர், "பிள்ளை விழேல்லையே?" என்று கேட்டார்.