சீராக வந்த ட்ரிப்பர் பெட்டி

அஸ்தம்பட்டி, சேலம்
ஞாயிறு காலை

ஓமலூர் மாப்பிள்ளை ஜீவானந்தம் அவர்களுக்கு, மைத்துனன் தீனதயாளன் எழுதுவது. இங்கே நானும் உஷாராணியும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் என் தங்கை மஞ்சுளா உடனே என் மனைவிக்குப் போன் போட்டிருப்பாள். எனக்குப் போடமாட்டாள். அதற்கும் நீங்கள்தான் காரணம், இருந்தாலும் அது வேறு கதை.

உங்கள் மகள் ரஞ்சனியின் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. தாய்மாமன் என்று என் பெயரைப் படிப்போடு போட்டிருக்கிறீர்கள், எழுத்துப் பிழையும் இல்லை. நன்றி. ஆனால் நான் கல்யாணத்துக்கு வரப்போவதில்லை. சீர்ப் புடவை எடுத்தாகிவிட்டது, அதை உஷாராணி கொண்டுவருவாள். காரணத்தை எழுதாவிட்டால் மச்சானுக்கு வழக்கம்போலக் கிறுக்கு என்று மண்டபம் முழுக்கச் சொல்லுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

காரணம், எங்கள் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீங்கள் கொண்டுவந்த சீர். எல்லோரும் குத்துவிளக்கு, குடம், சுவர்க்கடிகாரம் என்று கொண்டுவந்தார்கள். நீங்கள் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் பரப்பி நடுவில் ஒரு ட்ரிப்பர் பெட்டியை வைத்துக்கொண்டு வந்தீர்கள். கரண்ட் அளவுக்கு மீறினால் தானாகக் கீழே விழும் லீவர்கள் வரிசையாக இருக்கும் பெட்டி. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நான் பாடுபட்டு மாட்டியிருந்த பீங்கான் ஃபியூஸைக் கழற்றி, அதில் சுற்றியிருந்த கம்பியை எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்தீர்கள். "என்னங்க மச்சான், துணி காயப்போடற கம்பியா இது? ஊடே எரிஞ்சாலும் இது எரியாதுங்களே!" என்றீர்கள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சமையல்காரர் சிரித்தார். மந்திரத்தை நிறுத்திவிட்டு ஐயரும் சிரித்தார். நான் இயற்பியலில் முதுகலை படித்தவன். பிள்ளைகளுக்கு ஓம் விதி நடத்துகிறவன். அம்மாப்பேட்டையில் எங்கள் அப்பாவின் தறிக்கொட்டகையில் இதே தடிமன் கம்பிதான் இருந்தது, ஒருநாளும் ஃபியூஸ் போனதில்லை. கொட்டகை ஒருமுறை தீப்பிடித்தது உண்மை. அப்போதுகூட ஃபியூஸ் போகவில்லை.

அன்றிலிருந்து உங்கள் பெட்டி என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. உஷாராணி கிரைண்டர் போட்டால் சில நாள் விழுகிறது, அதோடு நான் இஸ்திரிப் பெட்டியையும் போட்டால் எல்லா நாளும் விழுகிறது, இத்தனைக்கும் இரண்டையும் நான் கல்லூரி நாளில் என் கையால் செய்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் சொருகுகிறோம், அதைக் குறைசொல்ல ஒருவராலும் முடியாது, மாவு பாதியில் நிற்கும், நான் ஒரு கை மட்டும் தேய்த்த சட்டையோடு நிற்பேன், நாற்காலி போட்டு ஏறி லீவரைத் தூக்கிவிட்டு இறங்குவதற்குள் மறுபடியும் விழும். போன மாதம் பொறுமை போய்விட்டது. அந்த லீவரை மேலே தூக்கிப் பிடித்து, பாவு நூலால் இழுத்துக் கட்டிவிட்டேன். எங்கள் பரம்பரை முடிச்சு, தறியில் எத்தனை அடி வாங்கினாலும் அவிழாது. "இப்ப விழட்டும் பாக்கலாம்" என்றேன். உஷாராணி கிரைண்டரைப் போட்டாள். லீவர் விழவில்லை. ஆனால் கிரைண்டர் நின்றது, ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜும் நின்றது.

லீவர் மேலேயே நிற்கிறது, ஆகவே குறை என் வீட்டில் இல்லை. படித்த எவனும் இந்த முடிவுக்குத்தான் வருவான். கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டு உரிமையோடு சத்தம் போட்டேன். "சார், உங்க தெருவுல எல்லா ஊட்டுலயும் கரண்ட் இருக்குதுங்க" என்றார் அங்கே இருந்தவர். பொய்யை நிரூபிக்க எதிர்வீட்டுத் தீர்த்தகிரியைச் சாட்சிக்குக் கூப்பிடப் போனேன். அவர் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க சார், கரண்ட் இல்லீங்களா? மாவு புளிச்சுப் போயிரும், எங்க ஃப்ரிட்ஜுல கொண்டாந்து வெய்யுங்க" என்றார். திரும்பி வந்தால் உஷாராணி கத்தியோடு நாற்காலியில் நிற்கிறாள். நூலை அறுத்தாள். லீவர் தொப்பென்று கீழே விழுந்தது. வெளியே நிமிர்ந்து நின்றுகொண்டே உள்ளே எப்போதோ கரண்டை வெட்டி வேலையை முடித்துவிட்டிருக்கிறது. கொடுத்தவரின் குணம் கொடுத்த பொருளிலும் இருக்கிறது என்றேன். உஷாராணி கேட்கவில்லை. "அதுக்கும் உங்களுக்கும் ஒரே குணமுங்க. தொட்டதுக்கெல்லாம் விழுந்துக்கறது. அதையாச்சும் தூக்கி உட்டா மறுபடி ஓடுது" என்றாள். என் மனைவியே என்னை இப்படிப் பேசும்படி செய்ததும் நீங்கள்தான்.

ஆகவே, ஆளை அனுப்பி அந்தப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு, என் பீங்கான் ஃபியூஸை அதே கம்பியோடு திரும்ப மாட்டித் தரவும். தந்தால் வருகிறேன். இல்லையென்றால் மணவறையில் தாய்மாமன் இடம் காலியாகத்தான் இருக்கும். ரஞ்சனி நீண்ட நாள் நிறைவாக வாழட்டும். என் மீது அவளுக்கு வருத்தம் இருந்தால் அதை உங்கள் பக்கம் திருப்பிவிடவும்.

இப்படிக்கு,
சு. தீனதயாளன், எம்.எஸ்சி., பி.எட்.

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் வேட்டியைத் தேய்க்கலாம் என்று இஸ்திரிப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தேன். "கல்யாணத்துக்கு வராதவருக்கு எதுக்குங்க பட்டு வேட்டி?" என்று கேட்டுக்கொண்டே உஷாராணி கிரைண்டரைப் போட்டாள். லீவர் விழுந்தது. உங்களைத் திட்டிக்கொண்டே நாற்காலியை இழுத்தபோது ஒரு கருகல் நாற்றம். மேசைக்கு அடியில் என் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் ஒயர் கருகி, பெட்டி உருகி வாயைப் பிளந்திருந்தது. அதை ஒட்டி ரஞ்சனியின் சீர்ப் புடவை வைத்த அட்டைப்பெட்டி. அட்டையின் ஓரம் சூட்டில் லேசாகப் பழுப்பேறியிருந்தது. பிரித்துப் பார்த்தோம், பட்டில் ஓர் இழைக்கும் சேதமில்லை. பழைய கம்பியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டாம். அப்பாவின் கொட்டகையைப் பற்றி மேலே எழுதிய வரிகளை அடித்துவிட்டுப் படிக்கவும். எக்ஸ்டென்ஷன் பெட்டியை எறிந்துவிட்டேன், பழையது என்பதால்தான், வேறு காரணமில்லை.

ஆளை அனுப்ப வேண்டாம். கல்யாணத்துக்கு முதல்நாள் மாலையே வந்துவிடுவோம். தாய்மாமன் இடத்தில் வேறு யாரையாவது உட்காரவைத்தால் நடப்பதே வேறு. புடவையோடு இன்னொரு சீரும் உண்டு: ரஞ்சனி குடிபோகும் வீட்டுக்கு ஒரு ட்ரிப்பர் பெட்டி, தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கோடு. உங்களுடையதைவிட ஒரு லீவர் அதிகம். அந்த வீட்டில் பழைய ஃபியூஸ் இருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம். அந்தக் கம்பியை எல்லோர் முன்னாலும் நான்தான் தூக்கிக் காட்டுவேன்.