சகலையின் சாம்பிள் டப்பா

பெரிய மாப்பிள்ளை இரண்டாவது கேக் துண்டையும் விழுங்கி, விரலை நக்கித் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதினார்: "மாலை ஐந்து மணி. வெள்ளரிக்காய், பாதி."

"அது என்ன பாதி? முழுசா எழுதினா வரியா போடப்போறாங்க?" என்றாள் மனைவி.

"உன் தங்கச்சி புருஷன் பாதிதான் எழுதியிருக்கான். நான் முழுசு எழுதினா, பெரியவனுக்குப் பசி ஜாஸ்தின்னு பேராயிடும்."

எல்லாம் தெருக்கோடி ஆராய்ச்சி நிலையத்தால் வந்த வினை. மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அதனால் என்ன நோய் வருகிறது என்று கண்டுபிடிக்க அங்கே ஆள் சேர்த்தார்கள். வேலை சுலபம். ஆறு வாரம் தின்றதையெல்லாம் நோட்டில் எழுத வேண்டும். நடுவில் ஒரு திங்கட்கிழமை மட்டும் ஒரு சிறிய டப்பாவில் சிறுநீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முடிவில் ஒருவரை மட்டும் மேடையேற்றி, சிறந்த பங்கேற்பாளர் என்று குடும்பத்தோடு படம் எடுப்பார்கள்.

நாற்பது வருடம் மருந்துக்கடை நடத்தி ஓய்ந்த மாமனார், இரண்டு மாப்பிள்ளைகளையும் சேர்த்துவிட்டார். கூடத்துச் சுவரில் அந்தப் படத்துக்கு இப்போதே ஆணியும் அடித்துவிட்டார்.

அந்த ஆணிதான் பெரிய மாப்பிள்ளையின் நெஞ்சில் இறங்கியிருந்தது. அவருக்கு ஸ்டிக்கர் கடை. சின்னவர் இன்சூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர். பதினோரு வருடமாக, சின்னவருக்கு எது வந்தாலும் பெரியவருக்கு வயிறு எரியும். போன வருடம் சின்னவருக்கு அம்மை வந்தபோது மாமனார் இரண்டு முறை போய்ப் பார்த்தார். 'நமக்கு வந்தப்ப ஒரு தடவைதானே வந்தார்' என்று அதற்கும் பொருமியவர் இவர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமனார் வீட்டில் சாப்பாடு. இரண்டு நோட்டுகளையும் மாமனார் உரக்கப் படிப்பார்.

"பெரியவர், கீரை, கீரை, மோர். சின்னவர், கீரை, மோர், கீரை. அடடா! ரெண்டு பேரும் முனிவருங்க!"

முனிவர்கள் ஒருவர் தட்டை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றுதான் மாமனார் குண்டைப் போட்டார். "விஷயம் தெரியுமா மாப்பிள்ளை? நாம தின்ன ஒவ்வொண்ணும் சிறுநீர்ல ஒரு அடையாளத்தை விட்டுட்டுப் போகுதாம். நோட்டு பொய் சொன்னாலும் டப்பா சொல்லாது. என்ன வியாதி எட்டிப் பார்க்குதுன்னும் அதுவே சொல்லிடும். அதுக்கு மருந்து தயார் பண்ண மாடியிலேயே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கு!"

பெரியவருக்குப் புரையேறியது. சின்னவர் எழுந்து தலையில் தட்டினார். தட்டிய கையோடு, மாமனாரிடமிருந்த தன் நோட்டையும் மெல்ல இழுத்து மூடினார்.

மறுநாள், அந்தத் திங்கட்கிழமை காலை, பெரியவர் டப்பாவோடு போனார். ஜன்னலுக்கு அப்பால் டப்பா வாங்கும் பெண் பதிவேட்டில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்ததைத் தெருவில் யாரும் கண்டதில்லை.

"தட்டுல வெச்சிட்டுப் போங்க."

தட்டில் சின்னவரின் டப்பா முன்பே வந்து காத்திருந்தது. எட்டாம் எண். இவருடையது ஏழு. கீரையாகவே தின்று தீர்க்கும் மனிதனின் சிறுநீர், தெளிந்த நீரோடை போல அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்டிக்கர் கடைக்காரருக்கு ஸ்டிக்கர் எம்மாத்திரம்? வாயால் ஊதிச் சூடேற்றி, நகத்தால் நெம்பி, ஏழை எட்டிலும் எட்டை ஏழிலும் ஒட்டிவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் சின்னவர் எதிரே வந்தார். "பேனாவை உள்ள மறந்துட்டேன் சகலை."

"போ, போ. நல்லாத் தேடு," என்றார் பெரியவர், என்றுமில்லாத பாசத்தோடு.

பத்து நாளில் முடிவு வந்தது. சின்னவருக்குச் சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, ஒரு குறையும் இல்லை. மாமனார் கட்டிப்பிடித்துக்கொண்டார். "தங்கம்யா உங்க உடம்பு!"

சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாம் சகலையோட புண்ணியம் மாமா."

பெரியவருக்கு வந்த உறையில் இரண்டே வரி. எழுதியதற்கும் சாம்பிளுக்கும் பொருத்தமில்லை. சர்க்கரை மிக அதிகம், உடனே மருத்துவரைப் பார்க்கவும்.

கடையின் பின்கட்டில் நின்று படித்தவருக்கு முதலில் ஆனந்தம். 'அடப்பாவி! கீரைன்னு எழுதிட்டு மூட்டை மூட்டையா இனிப்பு தின்னிருக்கியா?' அடுத்த நிமிடம் வயிறு பற்றி எரிந்தது. அப்படியென்றால், மாமனார் கட்டிப்பிடித்துக் கொண்டாடிய தங்கம் இவருடையதல்லவா? தன் சிறுநீருக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்துத் தானே பொறாமைப்பட்ட மனிதரை எங்கள் தெரு அதற்கு முன் கண்டதில்லை.

மூன்றாவது நிமிடம்தான் உறைத்தது. சர்க்கரை அவனுக்கு. அது அவனுக்கே தெரியாது. வீட்டில் இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். அவன் மனைவியோ, ஒரு காலத்தில் இவர் தன் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட கொழுந்தியாள்.

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவன் போவான். இரண்டும் போகாமல் காப்பாற்ற முடிவெடுத்தார்.

சின்னவர் மகளின் பிறந்தநாள். சின்னவர் கேக்கை வாயருகே கொண்டுபோனதும் பெரியவர் பாய்ந்து பிடுங்கினார்.

"உனக்கு எதுக்குடா இது?"

பிடுங்கியதை வீணாக்க மனம் வரவில்லை; தானே தின்றார். அவருக்கென்ன, இவ்வளவு தின்றும் டப்பாவே தங்கம் என்று சொன்ன இரும்பு உடம்பு!

சின்னவர், "எடுத்துக்குங்க சகலை," என்று மீதியையும் நீட்டினார். அதையும் தின்றார்.

கொழுந்தியாள்தான் பொரிந்தாள். "பார்த்தியாக்கா? என் வீட்டுக்காரர் வாயில ஒரு வாய் கேக்கு போகக்கூடாதா? இப்படியுமா வயித்தெரிச்சல்?"

மறுநாள் சின்னவரின் ஆபீஸுக்கே போய் மேசை டிராயரைத் திறந்து மிட்டாய் டப்பாவைக் கைப்பற்றினார். பியூன் துரத்தினான். அடுத்து, 'சர்க்கரை உயிருக்கு ஆபத்து, இப்படிக்கு நலம்விரும்பி' என்று ஸ்டிக்கர் அடித்துச் சின்னவரின் காரில் ஒட்டினார். அது அழகாக இருக்கிறதென்று ஆபீஸில் ஆளுக்கொன்று கேட்டார்களே தவிர, படித்துத் திருந்தியவர் எவரும் இல்லை. மாமனாருக்குச் செய்தி எட்டியது.

"பெரிய மாப்பிள்ளை, பொறாமைக்கும் ஒரு அளவு வேணும். இனி ஞாயித்துக்கிழமை நீங்க தனியா வீட்லயே சாப்பிட்டுக்குங்க."

பதினோரு வருடம் பொறாமைப்பட்டபோது ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. முதன்முதலாக நல்லெண்ணத்தோடு நடந்தபோது வீட்டைவிட்டே விலக்கிவிட்டார்கள்.

"ஏங்க இப்படிப் பண்றீங்க?" என்று மனைவி அழுதாள். "அவரு உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினாரு?"

"அவனுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னுதான்டி..." என்று தொடங்கியவர், மீதியை முழுங்கினார்.

அன்று மாலையே ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போன். "மாடியில புது மாத்திரை தயாராயிடுச்சு சார். சர்க்கரை இருக்கறவங்களுக்குக் கொடுத்துப் பார்க்கறோம். உங்க பேர்தான் முதல்ல. தள்ளிப்போட்டா கண்ணு, கிட்னின்னு போயிடும்னு டாக்டர் சொல்லச் சொன்னாரு."

யாருடைய கண்? அந்தச் சின்னக் குழந்தைகளின் அப்பா கண்! பெரியவர் இரவெல்லாம் புரண்டார். காலையில் சின்னவர் வீட்டு வாசலில் நின்று, அவர் ஆபீஸுக்கு எடுத்துப்போகவிருந்த கேக் பொட்டலத்தைக் கடைசித் தடவையாகப் பிடுங்கிக்கொண்டு, நேரே ஆராய்ச்சி நிலையத்துக்கு நடந்தார். துக்கத்தில் வழியெல்லாம் தின்றுகொண்டே போனார்.

ஜன்னலுக்கு அப்பால் அதே பெண், அதே பதிவேடு.

"அம்மா, ஏழாம் நம்பர் என்னோடது இல்லம்மா," என்றார். "அது என் சகலையோடது. நான்தான் ஸ்டிக்கரை மாத்தி ஒட்டினேன். பொறாமை கண்ணை மறைச்சிடுச்சு. மேடையும் வேணாம், படமும் வேணாம். அந்த மாத்திரையை அவனுக்குக் கொடுங்க. அவன் நல்லா இருக்கணும்."

"நீங்க மாத்தினதைப் பார்த்தேன் சார்," என்றாள் அவள், எழுதிக்கொண்டே.

"பார்த்தியா! அப்புறம் ஏம்மா சும்மா இருந்த?"

அவள் முதன்முறையாகப் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரத்து கிரீமைப் பார்த்தாள். கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள்.

"கூப்பிடலாம்னுதான் எழுந்தேன் சார். அதுக்குள்ள பேனா தேடற மாதிரி உங்க சகலை வந்து, அவர் பங்குக்கு ரெண்டையும் மாத்தி ஒட்டிட்டுப் போயிட்டாரு. அவங்கவங்க டப்பா அவங்கவங்களுக்கே வந்துடுச்சேன்னு உட்கார்ந்துட்டேன். முதல்ல அந்த கேக்கைக் கீழ வைங்க சார்."