பாத்திர அறையின் மூன்றாவது பூட்டு

அன்புள்ள மைத்துனர் குமாரசாமி அவர்களுக்கு,

பெரிய காஞ்சிபுரத்திலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் முனிரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. ஏகாம்பரநாதர் கிருபையில் நான், கலையரசி, உங்கள் மருமகள் சத்யப்ரியா மூவரும் சுகம். குவைத்தில் உங்கள் சுகத்துக்கும் வெயிலுக்கும் பதில் போடவும். குரல் பதிவில் சொன்னால் தெருவே கேட்கும் என்பதால் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், வருகிற வெள்ளிக்கிழமை சத்யப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டார் இருநூறு பேர் வருகிறார்கள், சமைக்க அண்டா இல்லை. அண்டா இருக்கிறது, தெருச் சங்கத்தின் பாத்திர அறையில் பத்திரமாக இருக்கிறது, அறைதான் திறக்கவில்லை. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தெருவின் கீழ்க்கோடிக்கு மேல்கோடி மீது நம்பிக்கை இல்லை, மேல்கோடிக்கு யார் மீதும் இல்லை, ஆகவே கதவுக்கு ஆளுக்கொரு பூட்டு. இரண்டு தரப்பும் சாவியோடு வந்து நின்றால்தான் திறக்கும். இந்த ஏற்பாட்டில் ஒரு கரண்டிகூடக் காணாமல் போகாது என்று செயலாளர் என்கிற முறையில் நானே ஒலிபெருக்கியில் பேசினேன். பேசிய மறுமாதம் பக்கத்து ஊர் ஓரிக்கைக்கு இரவல் போன அண்டா ஒடுங்கி வந்தது, தென்னேரிக்குப் போன கரண்டிகள் வரவே இல்லை. அது கிடக்கட்டும். போன திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கதவில் மூன்றாவதாக ஒரு பூட்டு தொங்குகிறது. வாடகைப் பாத்திரம் எடுக்கலாமே என்பீர்கள். சங்கத்து அண்டாவில் வேகாத சோற்றில் இந்தத் தெருவில் ஒருவரும் கை நனைக்க மாட்டார்கள், பந்தியில் பெண் வீட்டுத் தெருவே காலியாக இருந்தால் சம்பந்தி என்ன நினைப்பார்?

கீழ்க்கோடி கலியனைக் கேட்டேன். "எங்க பூட்டு ஒண்ணுதான்பா, அவங்களைப் போய்க் கேளு" என்றார். மேல்கோடி கதிர்வேலோ கலியனைக் கை காட்டி, "சாவியை மடியில வெச்சிக்கினு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறாரு பாரு" என்றார். அவசரக் கூட்டம் போட்டு, தெருவில் உள்ள முப்பத்தெட்டு ஆண்களையும் ஒருவர் விடாமல் நிற்க வைத்து விசாரித்தோம். எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. உடைத்துவிடலாம் என்றேன். உடைக்கிறவரே தென்னேரிக் கரண்டிகளுக்கும் பொறுப்பு என்று தீர்மானம் போட்டார்கள், சுத்தியல் கொண்டு வந்தவர் அதை அங்கேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். பூட்டுப் போட்ட சமூக விரோதியைக் கண்டித்து இன்னொரு தீர்மானம். முதல் கையெழுத்து என்னுடையது, நகல் காவல் நிலையத்துக்கு.

பிறகு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாவி வெட்டும் ஜோசுவாவைக் கையோடு அழைத்து வந்தேன். பூட்டு வட்டமாக, தட்டையாக, ஒரு போளி அளவு இருக்கிறது. வளையம் வெளியே தெரிவது ஒரு விரல்கடைதான். பேர் கிடையாது, எழுபது என்று ஓர் எண் மட்டும். அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "இது நம்ம பக்கத்துப் பூட்டே இல்ல சார். ஓட்டை அரை வட்டமா இருக்குது பாருங்க. பிளாங்க் கிடைச்சா வெட்டிடுவேன், வெறும் காத்துலயா வெட்ட முடியும்?" என்றார். பிளாங்க் என்றால் பல் வெட்டாத மொட்டைச் சாவி. தன்னிடமிருந்த அறுபத்து மூன்று வகையையும் நுழைத்துப் பார்த்தார், ஒன்றும் போகவில்லை. அதற்குள் வரப்போகும் சாவி யாரிடம் இருப்பது என்று முடிவு செய்ய ஐவர் குழு அமைத்துவிட்டார்கள். குழுவின் பரிந்துரை: சாவிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு இரண்டு பூட்டு.

எனக்கு ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை மச்சான். ஒரே பெண். உங்கள் தங்கையோ இட்லியை வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை தானா திறந்துக்கும், சாப்பிடுங்க" என்கிறாள். காமாட்சி மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஜோசுவா ஓட்டை மீது காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த வடிவத்தைக் கீழே ஒட்டியிருக்கிறேன். புதன்கிழமை விமானம் ஏறுமுன் அங்கே கடையில் காட்டி, இதற்குப் பொருந்தும் மொட்டைச் சாவி நாலு வாங்கி வரவும். தாய்மாமன் கையால்தான் முதல் சீர்த் தட்டு எடுக்க வேண்டும், ஆகவே காமாட்சி உங்களை நோய்நொடி இல்லாமலும் விமானத்தைத் தாமதம் இல்லாமலும் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
முனிரத்தினம்
செயலாளர், தெருச் சங்கம்

பின்குறிப்பு: இதைப் படம் பிடிக்கக் கலையரசியைக் கூப்பிட்டேன். பென்சில் வடிவத்தைப் பார்த்தவள், தாலிச் சரட்டு ஊக்கிலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அதன் நுனியை வடிவத்தின் மேல் வைத்தாள். பொருந்திவிட்டது. போன வருடம் அவளுடைய டிரங்குப் பெட்டிக்கு நீங்கள் கொண்டு வந்து கொடுத்த பூட்டாம். "ரெண்டு கோடியும் சேந்துக்கினு ஊருக்கெல்லாம் அண்டாவைத் தூக்கிக் குடுத்தீங்க. எம்பொண்ணு நிச்சயத்துக்கு ஒடுங்காத அண்டா ஒண்ணாவது மிஞ்ச வேணாமா?" என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். "ஆம்பளைங்களைத்தானே நிக்க வெச்சி விசாரிச்சீங்க, என்னை யாரு கேட்டா?" என்றாள். ஐந்து நாளாக இட்லி வைக்கக் குனியும்போதெல்லாம் அந்தச் சாவி என் கண்ணெதிரில்தான் ஆடியிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டுக் காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்த சமூக விரோதி அவள்தான் என்பதை நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டாம், அவளுக்கே தெரியும். ஆகவே மொட்டைச் சாவி வேண்டாம். அதற்குப் பதில் இதே மாதிரி இன்னொரு பூட்டு வாங்கி வரச் சொல்கிறாள். எங்கே போடப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.