கடகட, கிறீச், புஸ்

பட்டறையில் 'ஸ்டெதாஸ்கோப்' என்று பெயரெடுத்த பழைய மெக்கானிக்கிடமே பத்து வருடமாக ஸ்கூட்டரை விட்டுக்கொண்டிருந்த டீச்சர், அன்று காலை அவரைத் தாண்டி நேராகப் புது மெக்கானிக்கிடம் போனார்.

"முதல்ல கடகடங்குது. வளைவுல கிறீச்சுங்குது. நிறுத்தினா புஸ்ஸுன்னு அடங்கிடுது."

கடகடவுக்கு முஷ்டியைக் குலுக்கினார். கிறீச்சுக்குப் பல்லைக் கடித்துத் தோளைத் தூக்கினார். புஸ்ஸுக்கு ஐந்து விரலையும் விரித்தார். புது ஆள் வைத்த கண் வாங்காமல் பார்த்தார், வண்டியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார், தலையாட்டினார். அரை மணியில் ஸ்கூட்டர் சாதுவாகப் போயிற்று.

ஸ்டெதாஸ்கோப்புக்குக் காதில் புகை வந்தது. அது சாதாரணக் காதும் இல்லை. இருபது வருடமாக ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினிலும் பிடியைக் காதிலும் வைத்து நோய் சொல்கிறவர். பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். வண்டிக்காரர்கள் வாயால் எழுப்பும் சத்தத்துக்கெல்லாம் அந்தப் பட்டறையில் அவர்தான் அகராதி. லொடலொட என்று சொல்லும்போது நாக்கே கழன்று ஆடும். அப்படியானால் எங்கோ நட்டு கழன்றிருக்கிறது. கரகர என்றால் சொல்கிறவர் தொண்டையே தேயும், பேரிங் போய்விட்டது. தேய்ந்த பேரிங்கை இதுவரை யாரும் மெத்துமெத்து என்று சொன்னதில்லை. இந்த ஞானம் தனக்கு மட்டுமே சொந்தம் என்று இருந்தவருக்கு, நேற்று வந்த ஒருவன் பங்குக்கு நின்றால் வயிறு எரியாதா?

போதாக்குறைக்கு, முதலாளி புதுக் கிளை திறக்கிறார். அங்கே தலைமை மெக்கானிக் யார் என்பது மாதக் கடைசியில் தெரியும். அந்த நாற்காலியில் ஸ்டெதாஸ்கோப் மனதுக்குள் எப்போதோ உட்கார்ந்துவிட்டார்.

புது ஆளோடு அவர் பேசுவதில்லை. முதல் நாள் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு அறிமுகம் செய்தபோதே, இன்ஜினை ஓடவிட்டு ஒரு வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பிறகு யாராவது பேச்செடுத்தாலும், அந்த ஆளைப் பற்றித் தன்னிடம் வேண்டாம் என்று கத்தரித்துவிடுவார். புது ஆளோ, பார்க்கும்போதெல்லாம் சிரிப்பதோடு சரி. ஒரு வணக்கம் கூட வாயால் வராது. எல்லாம் தலைக்கனம்.

"நீங்கதான் ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்" என்றாள் ஸ்டெதாஸ்கோப்பின் மனைவி.

"நான் எதுக்குப் பேசணும்? அவன் காதுதான் என் காதைவிட ஒசத்தியாச்சே. நான் மனசுல நினைக்கிறதே அவனுக்குக் கேட்டிருக்கும்."

சொன்ன வாய்க்கு அங்கேயே வழி கிடைத்தது. கேட்டால்தானே கண்டுபிடிப்பான்?

மறுநாள் பட்டறை ரேடியோ புது ஆளின் தலைமாட்டுக்கு இடம் மாறி, உச்சத்தில் அலறியது. வந்தவர்கள் சொல்வது அவர்களுக்கே கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் கையில் இறங்கினார்கள். ஒருவர் இரண்டு கையையும் சுழற்றினார், ஒருவர் இடுப்பை வெட்டி வெட்டிக் காட்டினார். புது ஆள் முன்னைவிட வேகமாகத் தலையாட்டினார். சாயங்காலத்துக்குள் அவர் முன்னால் ஆறு வண்டி நின்றது. போகும்போது ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்துக் கட்டைவிரலை வேறு உயர்த்திவிட்டுப் போனார்.

"நக்கல் பண்றான்" என்று பொருமிய ஸ்டெதாஸ்கோப், அடுத்த நாள் காற்றடிக்கும் கம்ப்ரசரை இழுத்து வந்து அவர் பக்கத்தில் ஓடவிட்டார். இப்போது சுவரே அதிர்ந்தது. பேங்க் மேனேஜர் ஒருவர் குந்தி உட்கார்ந்து, தன் கார் பள்ளத்தில் விழுந்து எழும்புவதைத் தவளை மாதிரி குதித்துக் காட்டினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கூட வீட்டுக்குப் போய் வண்டியை எடுத்துவந்து வரிசையில் நிறுத்தினார்கள்.

வெறுத்துப்போய், இனிமேல் யாரும் வாயால் சொல்லக்கூடாது, எழுதித்தான் தரவேண்டும் என்று ஒரு அட்டையை மாட்டினார். ஜனங்கள் 'கடகட, அப்புறம் புஸ்' என்று எழுதி, பக்கத்தில் படமும் போட்டுக் கொடுத்தார்கள். புது ஆளுக்கு வேலை இன்னும் பாதியாகக் குறைந்தது.

இந்தக் கூத்தில் ஸ்டெதாஸ்கோப்பின் பிழைப்புதான் நாறியது. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தால் கம்ப்ரசர்தான் கேட்டது. உருளுகிற சத்தம் வருகிறதென்று வந்த வேனில் கியர்பாக்ஸையே கழற்றிப் பரப்பிவிட்டார். மூன்றாம் நாள் முதலாளி குனிந்து, சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மாதக் கடைசியில், புதுக் கிளைக்குத் தலைமை புது ஆள்தான் என்று அறிவிப்பு வந்தது. ஸ்டெதாஸ்கோப் பின்பக்கம் போய் நெடுநேரம் கை கழுவினார். பொறாமைப்பட்டுப் பட்டு அலுத்துவிட்டது. அந்த ரகசியத்தையாவது தெரிந்துகொண்டால் போதும் என்றிருந்தது. புது ஆளின் மனைவி சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஸ்டெதாஸ்கோப் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனார்.

"தப்பா நினைக்காதம்மா. உன் வீட்டுக்காரருக்கு மட்டும் அப்படி ஒரு காது எப்படி வாய்ச்சுது?"

அந்தப் பெண் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்னண்ணா இப்படிக் கேக்கறீங்க, அவருக்குத்தான் பொறந்ததுலேர்ந்தே காது கேக்காதே, தனக்காக இவ்வளவு இரைச்சலைப் போட்டு வர்றவங்களையெல்லாம் கையால பேச வச்ச புண்ணியவான்னு தினமும் உங்களைத்தான் கும்பிடறார், புதுக் கிளையிலயும் தனக்குக் கீழே நீங்கதான் வேணும்னு முதலாளிகிட்ட ஒத்தக்கால்ல நின்னு வாங்கிட்டார்."